தனு என்றால் யார்

என் பிள்ளை வந்தார், என் பிள்ளை போனார் என்றுதான் இதில் எழுதியிருப்பேன். பெற்ற பிள்ளைக்கு ‘ஆர்’ விகுதியா, இந்த அம்மாளுக்கு என்ன ஆயிற்று என்று சந்தேகமாக இருக்கிறதா? தாராளமாகச் சந்தேகப்படுங்கள். நானும் பட்டேன், பட்டுப் பட்டு ஒரு வழியானேன். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பிரசவ அறையிலிருந்து நர்ஸம்மா வெளியே வந்து என்ன குழந்தை என்று சொன்னார் என்பதை நான் எழுதப்போவதில்லை. வரிக்கு வரி மோப்பம் பிடித்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். காலமெல்லாம் பரீட்சை ஹாலில் மேற்பார்வை பார்த்தவள் நான். எதை எங்கே ஒளித்து வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

கோலார் தங்கவயலில் தமிழ் வாத்தியார் வேலை பார்க்கிறேன். வருஷா வருஷம் வகுப்பில் தலைகள் குறைந்துகொண்டே வருகின்றன. இருக்கிற தலைகளுக்கு உயர்திணை, அஃறிணை, ஆண்பால், பெண்பால், பலர்பால் என்று கரும்பலகையில் கட்டம் போட்டு நடத்துகிறேன். பஜாரில் நடந்து போகும்போது பெயர்ப்பலகையில் ஒற்று விட்டுப்போயிருந்தால் கடைக்குள் ஏறிச் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை. அதனால் என்னைக் கண்டாலே ஷட்டரை இறக்கலாமா என்று யோசிக்கிற கடைக்காரர்கள் உண்டு.

எங்கள் வீடு ஊரிகத்தில் ஒரு லைன் வீடு. நீளமாக ஒரே கூரை, அதன் கீழே வரிசையாகக் குடும்பங்கள், நடுவில் ஒற்றைச் சுவர். அந்தப் பக்கம் கடுகு வெடித்தால் இந்தப் பக்கம் கேட்கும். என் வீட்டுக்காரர் நந்திதுர்க் சுரங்கத்தில் கேஜில் ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவர். சுரங்கத்தை மூடியபிறகு எங்கெங்கோ வாட்ச்மேன் வேலை பார்த்துவிட்டு இப்போது வீட்டோடு இருக்கிறார். சாயந்திரம் டிவிஎஸ் வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்ப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு வருவதுதான் அவருடைய உத்தியோகம். பிள்ளைக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. விடியும் முன் ரயிலேறி, விளக்கு வைத்தபின் வந்து சேர்கிற வேலை. ஊரில் பாதிப் பேருக்கு இதே பிழைப்புதான். முன்னே சுரங்க ஷாஃப்ட்டுக்குள் இறங்கினார்கள், இப்போது ரயிலில் ஏறுகிறார்கள்.

சந்தேகம் ஒரு காய்ச்சலில் ஆரம்பித்தது. பிள்ளை போர்வைக்குள் சுருண்டு கிடந்தார். ஞாயிற்றுக்கிழமை, கூட வேலை பார்க்கிற பெண் ஒருத்தி சாத்துக்குடிப் பையோடு பார்க்க வந்தாள். ஆந்திராவில் குப்பம் ஊர்ப் பக்கத்துத் தெலுங்குப் பெண். நன்றாகத் தமிழ் பேசினாள், நான் போட்ட காபியைக் குடித்தாள், நல்ல பெண் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து வாசலில் நின்று போனில் பேசினாள். நான் கதவுக்குப் பின்னால் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். சரி, புடைக்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

“தனு நாளைக்கு வரல. தனுக்கு ஜுரம். டாக்டர்கிட்ட காட்டியாச்சு. இல்ல, தனு இன்னும் ஒண்ணும் சாப்பிடல.”

யார் இந்தத் தனு? என் பிள்ளையின் பெயரில் ‘த’வும் கிடையாது, ‘னு’வும் கிடையாது. என் பிள்ளைக்கும் ஜுரம், தனு என்கிற யாருக்கோவும் ஜுரம். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஜுரம் வந்தால் அது எங்கே ஒட்டிக்கொண்டது? ஜுரம் என்ன, போனிலா பரவும்? முறம் கையிலிருந்து நழுவிக் கொஞ்சம் அரிசி கீழே கொட்டியது.

அன்றிலிருந்து என் காது என் வசத்தில் இல்லை. பிள்ளை கொல்லைப்பக்கம் போனோடு போனால் எனக்கும் அங்கே துணி காயப்போட வேண்டியிருந்தது. சாப்பாட்டு டப்பாவில் சாதம் மிச்சமிருந்தால், யாரோ வாங்கிக்கொடுத்துச் சாப்பிட்டிருக்கிறார் என்று அர்த்தம். மிச்சமில்லையென்றால், யாருக்கோ பங்கு போயிருக்கிறது என்று அர்த்தம். எப்படிப் பார்த்தாலும் தனு ஜெயித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்காரரிடம் “ஏங்க, தனுன்னு யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டேன். குடித்துக்கொண்டிருந்த டீ அவருக்குப் புரையேறியது. தலையில் தட்டிவிட்டேனே தவிர, ஏன் புரையேறியது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. உலகத்தையே சந்தேகப்படுகிறவளுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறவர்மேல் சந்தேகம் வரவில்லை பாருங்கள்.

ஒரு நாள் பக்கத்து வீட்டு அக்கா குழாயடியில் என்னைப் பிடித்துக்கொண்டார். “இன்னா டீச்சர், தனு தனுன்னு உங்க வூட்ல புதுசா பேர் அடிபடுதே. சம்பந்தம் பேசறீங்களா? எங்களுக்கெல்லாம் சொல்ல மாட்டீங்களா?” என்றார். எனக்குப் பகீர் என்றது. சுவருக்கு அந்தப் பக்கத்துக்குத் தெரிந்துவிட்டதென்றால் லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது என்று பொருள். தூரத்துச் சொந்தம் என்று ஏதோ உளறிவிட்டுக் குடத்தைக்கூட நிரப்பாமல் வந்துவிட்டேன்.

அன்று சாயந்திரம் பிள்ளை கைகால் கழுவிவிட்டு வருவதற்குள் நான் நடு வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். பரீட்சைத்தாளில் காப்பி அடித்தவனைக் கூப்பிடுகிற குரல் எனக்கு ஒன்று உண்டு. அந்தக் குரலில் கேட்டேன்.

“யாரது தனு? எந்த ஊரு? இன்னா ஆளுங்க? எத்தனை நாளா நடக்குது?”

பிள்ளை முதலில் சிரித்தார். அடக்க முடியாமல் சிரித்தார். அப்புறம் சிரிப்பு எங்கேயோ தடுக்கி விழுந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நான்தாம்மா தனு.”

“உனக்கு நாங்க ஆசையா வச்ச பேரு இன்னாச்சு?”

“பேரு அதேதான்மா. தனு பேரு இல்ல. ‘அவன்’, ‘அவ’ன்னு சொல்றோம் இல்ல, அந்த எடத்துல வர்ற வார்த்தை. எனக்கு அந்த ரெண்டும் பொருந்தல. சின்ன வயசுலேர்ந்தே பொருந்தல. யாராவது என்னைப் பத்தி அப்படிப் பேசினா, பக்கத்துல வேற யாரைப் பத்தியோ பேசற மாதிரியே கீது. சாத்துக்குடி வாங்கினு வந்தாளே, அவ ஒரு நாள் அவங்க அம்மாகிட்ட தெலுங்குல பேசினா. என்னைப் பத்திதான். தனு, தனுன்னு சொன்னா. தெலுங்குல அது யாருக்கு வேணா பொருந்துமாம். அன்னிக்குத்தான்மா என்னைப் பத்தி யாரோ பேசி எனக்குக் கூசாம இருந்தது.”

பூமி நழுவியது என்றெல்லாம் எழுத மாட்டேன், சுரங்கம் தோண்டிய எங்கள் ஊரில் பூமி எப்போதும் கொஞ்சம் ஆடிக்கொண்டுதான் இருக்கும். என் முதல் எண்ணத்தை மறைக்காமல் சொல்கிறேன். சாத்துக்குடி கொண்டுவந்தவள் என் பிள்ளைக்கு மருந்து வைத்துவிட்டாள் என்றே நினைத்தேன். இரண்டாவது எண்ணம் வாத்தியாருடையது. லைன் வீடுகளில் தெலுங்குக் குடும்பங்களோடு வளர்ந்தவள் நான். என்னிடமே தெலுங்கா?

“தெலுங்குல மட்டும் இன்னா வாழுது? ‘தனு வச்சாடு’, ‘தனு வச்சிந்தி’ன்னு, வந்தான் வந்தாள் மாதிரியே கடைசியில வாலு வெளியே தெரிஞ்சிடுதே! பெயரை மூடிட்டு வினையைத் தொறந்து போட்டா ஆச்சா?” என்றேன்.

“அதனாலதான்மா அதைத் தமிழ்ல சேத்துப் பார்க்கறோம். நீ எனக்கு உதவி பண்ணணும். நீ டீச்சராச்சே” என்றார்.

ஐஸ் வைக்கிறாரா என்று உற்றுப் பார்த்தேன். முகத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

பிறகு எங்கள் வீட்டில் நடந்தது இலக்கணச் சண்டை. தனு, தனுவை, தனுக்கு, தனுவோட, தனுகிட்ட என்று பெயர் ஒழுங்காக வேற்றுமை ஏற்றது. அதில் எனக்கு ஆட்சேபம் ஒன்றும் கிடைக்கவில்லை. தமிழிலேயே ‘தான்’, ‘தன்’ இரண்டும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது என்று எனக்கே ஞாபகம் வந்தது. அதை நான் பிள்ளையிடம் சொல்லவில்லை. வினைமுற்றில் வந்து நின்றேன். தமிழில் ஆள் வந்தால் ஏதாவதொரு வாலோடுதான் வந்தாக வேண்டும். வாலில்லாமல் எப்படி வரும்?

“‘தனு வருது’ன்னு சொல்லிட்டுப் போறேன். கொழந்த தூங்குது, புள்ள சாப்பிடுதுன்னு சொல்றதில்லையா?” என்றேன்.

பிள்ளையின் முகம் சுருங்கியது. “அந்த ‘து’ வேணாம்மா. ஸ்கூல் பஸ்ல நான் ஏறும்போதெல்லாம் ‘அது வருது பார்றா’ம்பானுங்க. சிரிப்பானுங்க.”

“அது வேற, நான் ஆசையா சொல்ற ‘து’ வேற.”

“காதுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான்மா கேக்குது.”

அந்தப் பஸ்ஸில் இருந்தவர்களில் பாதிப் பேர் என் வகுப்புப் பிள்ளைகள். அவர்களுக்கு ஒன்றன்பால் விகுதியைச் சொல்லிக்கொடுத்தவள் நான். யார் யார் என்று கேட்டேன், பிள்ளை சொல்லவில்லை.

“அப்போ வேற எந்த வாலுதான் வேணும் உனக்கு?”

“‘ங்க.’ தனு வராங்க, தனு போறாங்க.”

இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. “பெத்தவ நான் உனக்கு ‘ங்க’ போடணுமா? அந்த ‘ங்க’ இன்னாத்துக்குத் தெரியுமா? வந்தவங்களுக்கு. பாய் விரிச்சு, காபி குடுத்து, எப்போடா கெளம்புவாங்கன்னு வாசலைப் பார்த்துகினு இருப்போமே, அவங்களுக்கு. உன்னை அப்படிச் சொன்னா நீ இந்த வூட்டுக்கு விருந்தாளி ஆயிடுவ!”

“சொல்லலேன்னாதான்மா விருந்தாளி ஆவேன்” என்றார் பிள்ளை. கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். “பெங்களூர்ல ரூம் பார்த்தாச்சு. மாசம் பொறந்தா போயிடலாம்னு கீறேன். ஞாயித்துக்கெழமையில வந்து சாப்பிட்டுட்டுப் போறேன். இங்க தெனம் தெனம் வேற யாரோவா இருக்க என்னால முடியலம்மா.”

வீட்டைவிட்டுப் போகிறேன் என்று பிள்ளை சொல்வதைக் கேட்பது எப்படி இருக்கும் என்று பெற்றவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. மிரட்டுகிறாரா என்று பார்த்தேன். மிரட்டல் இல்லை. உண்மையிலேயே ரூம் பார்த்தாயிற்று, யாரோடு சேர்ந்து தங்குவது என்றுகூட முடிவாகியிருந்தது. சாத்துக்குடிக்காரியோடுதான், வேறு யார்?

கடைசி ஆயுதத்தை எடுத்தேன். “நான் உன்னை ‘நீ’ன்னுதான் கூப்பிடறேன். ‘நீ’யில ஆம்பளை பொம்பளையே கெடையாது. நமக்குள்ள இன்னாத்துக்கு இந்த வம்பு?”

“அதேதான்மா. நேர்ல ‘நீ’ போதும். நான் இல்லாதப்போ நீ என்னை இன்னான்னு சொல்றே, அதுதான் எனக்கு வேணும்.”

“சரி, நீ கேட்ட மாதிரியே சொல்றேன்னு வை. நம்புவியா?”

“எப்படி நம்பறது? அப்போ நான்தான் இருக்க மாட்டேனே.”

ஆக, சந்தேகம் எனக்கு மட்டும் இல்லை. என் பிள்ளைக்கு என்மேல் சந்தேகம். என் முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று நான் ஒட்டுக்கேட்டுத் திரிந்த அத்தனை நாளும், தன் முதுகுக்குப் பின்னால் நான் என்ன பேசுகிறேன் என்று பிள்ளையும் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். அது எனக்கு வலித்தது.

இன்னொரு கூத்தும் நடந்தது. மறுநாள் காலை, பிள்ளை குளிக்கப் போயிருந்தார். வீட்டுக்காரர் போர்வையை மடித்துக்கொண்டே, “தனுக்கு இட்லி எடுத்து வச்சாச்சா?” என்றார். தடுமாறாமல், தயங்காமல், உப்பு இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி கேட்டார். அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“எப்போலேர்ந்து?” என்றேன்.

“போன மழைக்காலத்துலேர்ந்து” என்றார் தரையைப் பார்த்து. “வண்டியில வரும்போது சொல்லிச்சு… சொன்னாங்க. உனக்குத் தெரிஞ்சா சண்டை போடுவியேன்னு பயம். எனக்கு இதெல்லாம் புரியல டீச்சரம்மா. கேட்டாங்க, சொல்றேன். அவ்ளோதான்.”

அன்றைக்கு டீ புரையேறியபோது என்னைத் தலையில் தட்டவும் வைத்தாரே மனுஷன்! ஒரு மழைக்காலம், ஒரு பனிக்காலம் முழுக்க இரண்டு பேரும் அந்த வண்டியில் தனு தனு என்று பேசிக்கொண்டு வந்து, வாசலில் இறங்கும்போது வாயைத் துடைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். என் வீட்டில் நான்தான் கடைசியாகத் தெரிந்துகொண்டவள். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவருக்கு வசதியாகப் போயிற்று என்று நினைக்கிறேன்.

பேசாமல் இருந்த அந்த நாட்களில்தான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். வகுப்பில் ஒரு பையன் வரவில்லை. “ஏன் வரல?” என்று கேட்டேன். இன்னொரு பெண்ணும் வரவில்லை. “ஏன் வரல?” என்றேன். சாக்பீஸோடு அப்படியே நின்றுவிட்டேன். அவன் வரவில்லை, அவள் வரவில்லை, அவர்கள் வரவில்லை, மாடு வரவில்லை. இல்லை என்று சொல்லும்போது தமிழ் வினைக்கு ஆணுமில்லை, பெண்ணுமில்லை, திணையே இல்லை. உண்டு என்று சொல்லும்போதுதான் வால் முளைக்கிறது. இத்தனை வருஷம் நடத்தியும் இது என் கண்ணில் படவில்லையே! வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். தனு சாப்பிடல. தனு தூங்கல. தனுக்குப் பிடிக்கல. ஒரு பிசிறு இல்லாமல் வந்தது. ‘ங்க’வும் போட வேண்டாம், ‘து’வும் போட வேண்டாம். பிள்ளையும் வீட்டில் இருப்பார், என் வாயும் என் வாயாகவே இருக்கும்.

பரீட்சை சீக்கிரமே வந்தது. வீட்டுக்காரரின் அக்கா, பேத்தமங்களாவில் தக்காளித் தோட்டம் வைத்திருப்பவர், ஞாயிற்றுக்கிழமை ஒரு பை தக்காளியும் ஒரு கல்யாணப் பேச்சுமாக வந்து இறங்கினார். பிள்ளை அத்தைக்கு ரசம் ஊற்றிவிட்டு உள் அறைக்குப் போய்விட்டார். திரைதான் கதவு. உள்ளே இருந்து கேட்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

“ஒரு நல்ல எடம் கீது. ஜாதகத்தைக் குடும்மா” என்றார் அண்ணி.

“இப்ப வேணாம் அண்ணி.”

“ஏன், மனசுல யாராச்சும் கீறாங்களா?”

“அப்படி ஒண்ணும் தெரியல.”

“பெங்களூர்லயே தங்கிடற உத்தேசமா?”

“இன்னும் முடிவாகல.”

“மொகம் ஏன் வாடிக் கெடக்குது?”

“ராத்திரி சரியா தூங்கல.”

அண்ணி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “இன்னாம்மா நீ, கோர்ட்டுல சாட்சி சொல்ற மாதிரி! எதைக் கேட்டாலும் இல்ல, வேணாம், தெரியல. எங்கிட்ட எதையோ மறைக்கற.” கிளம்பும்போதும் அந்தச் சந்தேகத்தோடேயே பஸ் ஏறினார்.

நானோ பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன். ஒரு இடத்தில்கூட மாட்டவில்லை. அவன் இல்லை, அவள் இல்லை, அது இல்லை. திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். “எப்படிப் பேசினேன் பார்த்தியா?” என்று கேட்டேன்.

“நீ அருமையா பேசினேம்மா” என்றார் பிள்ளை. பை ஒன்றில் துணியை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். “அந்தப் பேச்சுல நான் மட்டும் எங்கேயும் இல்ல. வேணாம்னே. யாருக்கு வேணாம்? தெரியலன்னே. தூங்கலன்னே. யாரு தூங்கல? ஒரு தனுகூட உன் வாயிலேர்ந்து வரல. நீதானே எனக்குச் சொல்லிக்குடுத்தே, தோன்றா எழுவாய்னு. நான் இந்த வூட்டுல தோன்றா எழுவாயா?”

எழுவாய் வெளியே தெரியாத வாக்கியத்துக்கு இலக்கணத்தில் அந்தப் பெயர். என் பிள்ளை என் மடியில் உட்கார்ந்து படித்த இலக்கணம். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், கோபம்தான் வந்தது.

“மொழியை உன் இஷ்டத்துக்கு வளைப்பியா? இதெல்லாம் வழு. தப்பு!”

“பசுமாட்டைப் பார்த்து ‘என் அம்மா வந்தாள்’னு சொன்னா தப்பில்ல, ஆசையில சொல்றது, வழுவமைதின்னு நடத்துவே இல்ல? மாட்டுக்குக் குடுக்கற சலுகை எனக்குக் கெடையாதாம்மா?”

அதற்குமேல் நான் அங்கே நிற்கவில்லை. சமையலறைக்குப் போய், துலக்கின பாத்திரத்தையே மறுபடியும் துலக்கினேன். என் பிள்ளையைக் கைகழுவ எனக்கு மனசில்லை, என் நாக்கை விட்டுக்கொடுக்கவும் மனசில்லை. அழுகையாக வந்தது. குழாய்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது, சுவருக்கு அந்தப் பக்கம் தவிர.

மறுநாள் விடிகாலை. பிள்ளை தோளில் பெரிய பையை மாட்டிக்கொண்டு வாசலில் செருப்பு போட்டார். கட்டி வைத்த சாப்பாட்டு டப்பா மேடையிலேயே இருந்தது. வண்டியில் கொண்டுவிடுகிறேன் என்று வீட்டுக்காரர் சாவியை எடுத்தார். “வேணாம்ப்பா, நடந்து போறேன்.” என்னைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பினார். “போறேம்மா.”

வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர்கள் ‘வரேன்’ என்றுதான் சொல்வார்கள். சாமான் வாங்கக் கடைக்குப் போனாலும் ‘போய்ட்டு வரேன்’தான். ‘போறேன்’ என்று சொன்னால் பெரியவர்கள் வாயிலேயே அடிப்பார்கள். என் பிள்ளைக்கு அது தெரியாததில்லை. தெரிந்துதான் சொன்னார். வாசல்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளை லைன் முனையில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டித் திரும்பினார். கண்ணிலிருந்து மறைந்தார்.

குழாயில் தண்ணீர் வருகிற நேரம். குடங்களோடு நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்கு மட்டும் கண் தொட்டிப் பக்கமே இருந்தது. “இன்னா டீச்சர், மூட்டை முடிச்சோட எங்க போவுது?” என்று சத்தமாகக் கேட்டார். “வூட்டைவுட்டே போவுதா?”

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அந்த ‘து’ எல்லோர் வாயிலும் வருகிற ‘து’தான். ஆனால் அன்று அது என் காதில் விழுந்தபோது எனக்குப் பள்ளிக்கூடப் பஸ் கேட்டது. பின்சீட்டுச் சிரிப்பு கேட்டது. காதுக்கு ரெண்டும் ஒன்றாகத்தான் கேட்டது.

“போவுதான்னு கேக்காதீங்க அக்கா” என்றேன். பெயர்ப்பலகையில் ஒற்று விட்டுப்போனால் எனக்கு வருகிற அதே குரல். “போறாங்களான்னு கேளுங்க.”

“யாரு? ரெண்டு பேரா? அந்தத் தனுவுமா?” அக்காவின் குடம் நிரம்பி வழிந்தது.

“ஒரே ஆளுதான். எங்க புள்ளதான் தனு. எங்க புள்ளைய நாங்க தனுன்னுதான் சொல்வோம். தனு வேலைக்குப் போறாங்க. தனு நல்லா சம்பாதிக்கறாங்க, நல்லா பாடறாங்க, அவங்க அத்தைக்கு ரசம் ஊத்தறாங்க. தனு இந்த வூட்டுலதான் இருக்காங்க. சாயந்திரம் வந்துடுவாங்க.”

ஒரு ‘இல்லை’கூட இல்லாமல், வாலோடு, லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். சொன்ன கடைசி வாக்கியம் பொய். மாசாமாசம் வாடகைக்கு ரூம் பார்த்தாயிற்று என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னேன்.

அக்கா என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே, “தோ, வந்துட்டாங்களே” என்றார்.

திரும்பினேன். தொட்டிக்கு இந்தப் பக்கம் பிள்ளை நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. குழாய் கொட்டிக்கொண்டே இருந்தது.

“போன் சார்ஜர் மறந்துட்டேன்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு என்னைக் கடந்து உள்ளே போனார். சார்ஜர் மறந்தது நிஜமா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான். பிறகு வெளியே வந்தார். கையில் சாப்பாட்டு டப்பா மட்டும் இருந்தது. தோளில் ஒன்றுமில்லை.

“வரேம்மா” என்றார்.

தலையை ஆட்டினேன். பிள்ளை வேகமாக நடந்தார், ரயிலுக்கு நேரமாகிவிட்டிருந்தது.

அப்போதுதான் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து அந்தப் பெரிய பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். “தனு! தனு! பையை மறந்துட்டு…”

“நீங்க சும்மா இருங்க” என்று அவர் வாயைப் பொத்தினேன்.